கைக்குக் கை வாங்கிய கத்தி

கண்டமங்கலம்
16-9-1985

அன்பு மகன் தேவநாதனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம். அங்கே உன் சுகத்தைப் பெருமாள் பார்த்துக்கொள்வார், வேளைக்குச் சாப்பிடுவதை மட்டும் நீ பார்த்துக்கொள், துபாய் ஓட்டல் சமையல்கட்டில் வேலை செய்கிறவன் பட்டினி கிடந்தான் என்று ஊரில் பேச்சு வரக்கூடாது. மல்லாட்டை நன்றாகக் காய் பிடித்திருக்கிறது, நீ வந்தால் வேர்க்கடலை அவித்துத் தரலாம். சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறதில்லை.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் நீ அனுப்பிய கத்திதான், சிரிக்காமல் படி. வைகாசியில் அங்கிருந்து லீவில் வந்த கோட்டக்குப்பம் காசிம் பாய் வீடு தேடி வந்து, பொட்டலத்தைப் பிரித்து, கத்தியை நேராக என் கையில் கொடுத்துவிட்டார். கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் உறவு அறுந்துபோகும், தரையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும், பாய்க்குத் தெரியாது, நானும் நீ இளைத்தாயா கறுத்தாயா என்று கேட்கிற மும்முரத்தில் வாங்கிவிட்டேன். அப்புறம் நாற்பது நாள் உன்னிடமிருந்து கடிதமே இல்லை. வந்த கடிதத்திலும் பொங்கலுக்கு வர முடியாது போலிருக்கிறது என்று நாலு வரி. சரி, கத்தி வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கு முழுக்க அழுதேன். நீ வாங்கினதை எறிய மனசு வரவில்லை, வீட்டுக்குள் வைக்கவும் பயம், கொல்லையில் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் கொட்டகைக் கூரையில் கொண்டுபோய்ச் செருகிவிட்டேன்.

உன் அப்பாவுக்கு அதில் சந்தோஷம். அவருக்குத்தான் திண்டிவனம் சந்தையில் வாங்கின கைக்கோடாலி இருந்தால் போதுமே, சவுக்கு பிளக்கவும் அதுதான், தேங்காய் உடைக்கவும் அதுதான். கோடாலி இருக்கிற வீட்டுக்குக் கத்தி எதற்கு என்று சொல்லிக்கொண்டே ஆனி மாதம் ஒரு பலாப்பழத்தை அதால் ஒரே போடு போட்டார். பழம் இரண்டாகப் பிளந்தது, சுளையெல்லாம் நசுங்கி, பால் சுவரில் தெறித்து, இன்னும் அந்தக் கறை போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாதே, கையில் ஒரு சிராய்ப்பு தவிர ஒன்றுமில்லை. நெல்லுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு இன்ஜின் கொட்டகைக்குள் நுழைந்தேன், முந்தானை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. விழுப்புரத்தில் தீபாவளிக்கு எடுத்த நைலக்ஸ் புடவை, கிழியுமா அது. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். பெல்ட் வழுக்கி வழுக்கிச் சுற்றுகிறது, புடவை தோளையும் கழுத்தையும் இறுக்குகிறது. வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த அப்பா கோடாலியோடு ஓடி வந்தார். இன்ஜினை நிறுத்த அந்தப் பக்கம் சுற்றிப் போக வேண்டும், அதற்கு நேரமில்லை. புடவை மேல் ஒரு போடு போட்டார், துணி வளைந்து கொடுத்ததே தவிர அறவில்லை. இன்னொரு தடவை ஓங்கினால் என் தோள்பட்டையில் விழும். அவர் முகம் போன போக்கை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். கோடாலியைப் போட்டுவிட்டுக் கூரையைத் துழாவினார், உன் கத்தி கையில் அகப்பட்டது. “அம்சா, கம்பத்த வுட்டுடாத” என்று சொல்லி ஒரே இழுப்பு. நான் ஒரு பக்கம் விழுந்தேன், பாதிப் புடவையை இன்ஜின் எடுத்துக்கொண்டது.

இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து கத்தியோடு நின்றார். கத்தி பிடித்த கையாலேயே முகத்தைத் துடைக்கிறார், எங்கே அறுத்துக்கொள்வாரோ என்று எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார். “ஏண்டி, கைக்குக் கை வாங்கிட்டியே” என்றார். “வாங்கினா இன்னா, முப்பது வருசமா அறாதத இதுவா அறுக்கப் போவுது” என்றேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோமா சிரித்தோமா தெரியவில்லை. மாலையில் புடவை போனதற்காகச் சண்டை போட்டோம், அது எப்போதும் உள்ளதுதான்.

இப்போது பச்சைமுத்து டீக்கடையில் உன் அப்பாவின் பிரசங்கம் கேட்க வேண்டுமே. கோடாலிக்கு ஓங்க இடம் வேணும், அடியில் தாங்கக் கட்டை வேணும், கத்திக்கு ஒரு சாண் இழுத்தால் போதும், தொங்குகிற துணியையும் அறுக்கும் என்று தானே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார். கத்தியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். கொட்டகையில் செருகினதும் நல்லதுதான், வீட்டில் இருந்திருந்தால் அன்றைக்கு யார் ஓடி எடுப்பது.

எண்ணெய் தேய்த்துக் குளி, அடுப்பருகே லுங்கி கட்டாதே, மாதம் ஒரு கடிதம் போடு. பொங்கலுக்கு லீவு கிடைக்காவிட்டால் உன் முதலாளியைத் திட்டுவேன், கத்தியைத் திட்ட மாட்டேன். நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வரும்போது இன்னொரு கத்தி வாங்கி வா. யாரிடமும் கொடுத்தனுப்பாதே, தரையிலும் வைக்காதே, நீயே வந்து என் கையில் கொடு.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும் அம்மா,
ச. அம்சா