நீயே நிரப்பிக்கொண்ட கோப்பை

அன்புள்ள மன்சிக்,

பண்பாட்டுச் சமூகவியல் இப்போது நம் துறையில் கட்டாயப் பாடம். நாம் நம் கட்டுரையைக் கொண்டுபோய்க் காட்டிய அன்று துறைத் தலைவர் கத்தியது நினைவிருக்கிறதா?

"ஆலையில தொழிலாளி சாகுறான், நீங்க சோஜு சாராயக் கடையில யாருக்கு யாரு ஊத்துறாங்கன்னு ஆராய்ச்சி பண்றீங்களா?"

நீ தலையைக் குனிந்துகொண்டு, "குடிச்சுப் பாத்தும் ஆராயுறோம் சார்" என்றாய்.

நேற்று வகுப்பில் ஒரு மாணவி, "எதிர்ல இருக்கிறவங்கதான் ஊத்தணும்ங்கிறது பழைய வழக்கம், இப்பல்லாம் அவங்கவங்களே ஊத்திக்கிறாங்க, அதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டாள். நம் கட்டுரையின் முதல் வரியைச் சொன்னேன்: தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்பவன், எதிரே ஆளே இல்லை என்கிறான்.

சொல்லும்போதே நீ நினைவுக்கு வந்தாய். நீ அமெரிக்கா கிளம்புவதற்கு முந்தைய மாலை, நாம் வழக்கமாகக் குடிக்கும் கடையில் உனக்கு ஊற்ற நான் கை நீட்டுவதற்குள் நீயே ஊற்றிக்கொண்டாய். ஏனென்று அன்றும் கேட்கவில்லை. கேட்பதற்காக இதை எழுதவும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் சின்சோனில் அந்தக் கடைக்குத்தான் போனேன். கடைக்காரம்மா அதட்டினாள்.

"என்ன வாத்தியாரே, வெறுங்கோப்பையப் பாத்துக்கிட்டு? நான் ஊத்தட்டுமா?"

"வேணாம்மா. ஊத்துறவன் வரட்டும்."

இப்படிக்கு,
உன் எதிர் நாற்காலிக்காரன்