நான் பொய் என்று சொன்ன கூண்

உன் மகள் போன வாரம் குவைத்திலிருந்து லீவுக்கு வந்தாள். வந்த மறுநாளே என் வீட்டுக்கு வந்து ஒரு தகர டப்பாவை மேசைமேல் வைத்தாள். மேலே அரபி எழுத்து, உருண்டை உருண்டையாக ஒரு படம். "அம்மா இத ஒங்களுக்குக் கொண்டு குடுக்கணும்ணு எப்பவும் சொல்லுவா ஆன்ட்டி. எனக்கு இப்பந்தான் வாய்ச்சுது" என்றாள். அவள் போன பிறகு அடுக்களையில் நின்று திறந்தேன். புதுமழை விழுந்த மணலின் மணம். அதற்கு அடியில் முந்திரி அண்டிப்பருப்பு வறுத்ததுபோல் லேசாக இன்னொன்று. நீ எத்தனையோ முறை சொல்லி, நான் கேட்டும் கேட்காததுபோல் இருந்த மணம். ஒரு துண்டை வாயில் வைத்தேன். இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியதை அன்றுதான் முதல்முறையாகத் தின்றேன். முதலில் வந்தது நன்றியல்ல. இதை நீ எனக்கு முன்னால், எத்தனையோ வருடம் முன்பே வயிறு நிறையத் தின்றிருக்கிறாய் என்ற எரிச்சல்தான் வந்தது.

உன்மேல் எனக்குப் பொறாமை என்று யாரிடமும் சொன்னதில்லை. குழித்துறைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நான்தான் எப்போதும் முதல் மார்க்கு. நீ நடுவில் எங்கேயோ இருப்பாய். ஆனால் மத்தியானம் சோற்றுப்பாத்திரத்தைத் திறந்ததும் பிள்ளைகள் எல்லாம் உன்னைச் சுற்றித்தான் உட்காருவார்கள். மூடியைத் திறக்காமலே யார் வீட்டில் என்ன கறி என்று மணத்தை வைத்துச் சொல்லுவாய். நான் தாவரவியல் படித்துக் கல்லூரியில் ஆசிரியையானேன். நீ நர்சிங் படித்துக் குவைத்துக்குப் போனாய். பதினெட்டு வருடம் கழித்து நீ திரும்பி வந்தபோது சபையில் பெண்கள் மறுபடியும் உன்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முதல்முறை நீ அந்தக் கதையைச் சொன்னது என் வீட்டில். பாலைவனத்தில் இடி இடித்து மழை பெய்து சில வாரம் கழிந்தால் மணல் சில இடங்களில் லேசாகப் பொங்கி வெடித்திருக்குமாம். நீ பார்த்துக்கொண்ட கிழவர் ஒருவரின் பிள்ளைகள் உன்னையும் கூட்டிக்கொண்டு போனார்களாம். கம்பால் கிளறினால் சிறுகிழங்குபோல் ஒன்று வரும். மணல் போக நாலைந்து தண்ணீரில் கழுவி, சோற்றோடு சேர்த்து வேகவைப்பார்கள். நாம் காளானுக்குக் கூண் என்று சொல்வோமே, அதுபோல மண்ணுக்குள்ளேயே பிறந்து மண்ணுக்குள்ளேயே முற்றும் கூண் அது என்றாய்.

அதன் பெயர் ட்ரஃபிள், அது என்ன குடும்பம், ஏன் வெளியே தலைகாட்டாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தின்னும்போது எப்படி இருந்தது என்று உன்னிடம் கேட்டார். கல்யாணம் ஆன நாள் முதல் என் பாடத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் நீ வாங்கிய தோட்ட விளையில் சவுக்கு நின்றது. ஒரு கோடைமழைக்குப் பிறகு அந்த மரங்களின் அடிமூட்டில் மணல் பொங்கியிருப்பதைப் பார்த்தாய். தோண்டினாய். கை நிறைய உருண்டைகள். குவைத்தில் கண்டதேதான் என்று நினைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத்துக்கு நீயே சமைத்துக் கொடுப்பதாக முடிவு. அன்று உன் வீட்டு அடுக்களையில் பத்துப் பதினைந்து பேர். உருண்டைகள் கழுவிச் சுளகில் கிடந்தன. தூரத்தில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை. எல்லோரும் பார்க்க ஒரு கத்தியை எடுத்து ஒன்றைக் குறுக்கே வெட்டினேன்.

தோல் செருப்புத்தோல்போல் கனம். உள்ளே கருநீலம், ஓரத்தில் பொடியாகத் தொடங்கியிருந்தது. கல்லூரியில் பேசும் குரலில் விளக்கினேன். மெய்யான ட்ரஃபிளை வெட்டினால் உள்ளே கெட்டியான சதை இருக்கும், அதில் வெள்ளையும் தவிட்டு நிறமுமாக நரம்புகள் வளைந்து வளைந்து ஓடும். முற்றினாலும் இப்படிப் பொடியாகாது. இது பொய் ட்ரஃபிள், தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். வெட்டும்போது உள்ளே குடையும் காம்புமாக ஒரு குட்டிக் கூணின் உருவம் தெரிந்தால் அது இன்னும் மோசம், விரியாத விஷக் கூணாக இருக்கலாம், ஆளையே கொல்லும். பெண்கள் சுளகைவிட்டு விலகி நின்றார்கள். நீ தலைகுனிந்து நிற்பாய் என்று காத்திருந்தேன்.

நீ சிரித்தாய். சுளகை எடுத்துக்கொண்டுபோய்த் தென்னைமூட்டுக் குழியில் கொட்டிவிட்டு வந்து என் தோளில் கைபோட்டாய்.

"இவ இல்லேண்ணா இண்ணு நம்ம எல்லாரும் ஆசுவத்திரியில கெடந்திருப்போம் மக்கா."

பிறகு முட்டையும் பப்படமும் பொரித்து எல்லோருக்கும் சோறு போட்டாய். வீட்டுக்குப் போகும் வழியில் பெண்கள் உன் மனசைத்தான் பேசிக்கொண்டு போனார்கள். சரியாகச் சொன்னவள் நான்.

மறுவாரம் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தாய், எனக்கும் சொல்லித்தா என்று. ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மெய்யானதில் வித்துகள் சின்னச் சின்னப் பைகளுக்குள் அடைந்திருக்கும்; பொய்யானதில் பை இருக்காது. அது ஒன்றுதான் முடிவான அடையாளம், வெளியே பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றேன். நீ சரி சரி என்றாய். ஆனால் எது கிடைத்தாலும் வெட்டும் முன்பே மூக்கருகே கொண்டுபோய் "இது பொய்" என்று வைத்துவிடுவாய். ஆரல்வாய்மொழியில் யூக்கலிப்டஸ் தோப்பிலிருந்து ஒரு பை நிறைய உருண்டைகள் கொண்டுவந்தாயே, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மணம் சொன்னாய். பச்சை ரப்பர், புளித்த மாவு, பழைய காயத்துக்குக் கட்டிய துணி. நான் ஒவ்வொன்றாக வெட்டி, கண்ணாடித் துண்டில் ஏற்றி, மணிக்கணக்காகப் பார்த்து உன் முடிவுக்கே வந்து சேர்ந்தேன். ஒருமுறையாவது நீ தப்பாகச் சொல்லவேண்டும் என்று ஜெபிக்காத குறை.

பிறகு அந்த நாள். பேச்சிப்பாறைக்கு மேலே உன் அண்ணன் ரப்பர்ப்பால் வெட்டுகிற எஸ்டேட்டுக்குப் போயிருந்தாய். காட்டு ஓரத்தில் கோங்கு மரத்தின் வேரைப் பன்றி கிளறியிருந்ததாம். பன்றி சும்மா கிளறாது என்று நீயும் குந்தியிருந்து தோண்டினாய். கைக்குட்டையில் பொதிந்து நேராக என் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, தவிட்டு நிறம், சொரசொரப்பு.

"ஏட்டி, இது மெய்யாக்கும். நீ பாக்காண்டாம், நான் சொல்லுகேன்."

பார்க்காமல் சொல்லக்கூடாது என்றேன். விட்டுவிட்டுப் போ, நாளைக்குச் சொல்கிறேன் என்று உன்னை அனுப்பினேன். கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பாதியாக வெட்டினேன். கெட்டிச் சதை. வெள்ளை நரம்புகள் ஆற்றுக் கிளைபோல் பிரிந்து ஓடின. ஒரு சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பைகள். ஒவ்வொரு பையிலும் மூன்றும் நான்குமாக, முள் முள்ளாக வித்துகள். நம் மலையில் அப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் எனக்கு உன் ஞாபகமே இல்லை. அவ்வளவு அழகு அது. அப்புறம் ஞாபகம் வந்தது. இதை நீ கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாய். சபையில், என் வீட்டில், இனி என் கல்லூரியிலும் உன்னைச் சுற்றித்தான் உட்காருவார்கள்.

மறுநாள் நீ வந்தாய். நான் "பொய்தான்" என்றேன்.

மணம் வேறு மாதிரி இருந்ததே என்றாய். வயதானால் மூக்கு ஏமாற்றும் என்று நான் சொன்னேன். அதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. நீ தலையாட்டினாய். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனாய். அதன்பிறகு நீ மலைக்கும் போகவில்லை, தோப்புக்கும் போகவில்லை. பாதிக் கூணை உலர்த்தி, அந்தக் கண்ணாடித் துண்டோடு காகித உறையில் போட்டுப் பூட்டிவைத்தேன். எறிய எனக்கு மனம் வரவில்லை, உன்னிடம் சொல்லவும் வரவில்லை.

உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆசுபத்திரிக்கு வந்தேன். அறை நிறைய ஆட்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு புதிதாக வந்தவர்களிடம் என்னைக் காட்டி, இவளாக்கும் எங்களையெல்லாம் விஷத்திலிருந்து காப்பாற்றியவள் என்றாய். சாகக் கிடக்கும்போதும் உன்னிடம் கொடுக்க இவ்வளவு இருந்தது. நான் வாங்கிப்போன ஆரஞ்சுகளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்தமுறை வந்தபோது உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

டப்பாவைத் திறந்த மறுநாள் உன் மகளைத் தேடிப் போனேன். காகித உறையை அவள் கையில் கொடுத்து நடந்ததை முழுதும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அதுக்கப்புறம் நான் லீவுக்கு வந்தப்பம், மீன் வாங்கும்போதுகூட அம்மா என்னையத்தான் மணத்துப் பாக்கச் சொன்னா ஆன்ட்டி. எனக்க மூக்கு போச்சு மக்களேண்ணு சொன்னா. நான் சீக்குனாலண்ணு நெனச்சேன்."

நான் போகும்போது வாசல் வரை வந்தாள், எப்போதும் பிடிக்கும் என் கையை அன்று பிடிக்கவில்லை. உறையைத் திருப்பிக் கொடுத்து, இதை யாரிடம் காட்டவேண்டுமோ காட்டுங்கள் என்றாள்.

இந்தக் கூண்களையே ஆராயும் ஓர் அறிஞருக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். உலர்ந்த துண்டையும் கண்ணாடித் துண்டையும் அனுப்பச் சொன்னார். கூடவே ஒரு படிவமும் அனுப்பிவைத்தார். இன்று காலை அதை நிரப்பினேன். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். அது எளிதாக இருந்தது. அடுத்த வரியில் இனங்கண்டவர் என்று இருந்தது. என் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். பைகளைக் கண்டவள் நான். அதற்காகவே படித்தவள் நான். பேனாவைக் கீழே வைத்தேன். வெட்டும் முன்பே மெய் என்று சொன்னவள் நீ. பிறகு அந்த எழுத்தை அடித்துவிட்டு அங்கேயும் உன் பெயரை எழுதினேன். தபாலிலும் சேர்த்துவிட்டேன்.

மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இரண்டு வரியிலும் உன் பெயரைப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் சோற்றுப்பாத்திரத்தோடு தனியாக உட்கார்ந்திருந்த நாளின் அதே எரிச்சல்தான் வந்தது. நீ போய் ஒரு வருடமாகிறது. இன்னமும் உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதையும் உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.