இரண்டு அரிசி இறங்கிய தண்ணீர்

இன்று மத்தியானம் வள்ளிக்கண்ணுவின் மருமகள் மீன் குழம்பு கொண்டுவந்தாள். மூடியைத் திறக்கும் முன்பே சேற்று வாடை வந்துவிட்டது. இன்று கண்மாய் அழித்தார்கள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கும் நாளுக்கு இங்கே அப்படித்தான் பெயர். நீங்கள் போனபின் வரும் முதல் சித்திரை இது. அவள் இரண்டு பேருக்கு ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள். பழக்கம் அவளையும் விடவில்லை.

உங்கள் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. "கேட்டீங்களா" என்றால் திரும்பிப் பார்ப்பீர்களே, அப்படியே தொடங்குகிறேன்.

கேட்டீங்களா, நார்த்தாமலைப் பக்கத்துக்கு நாம் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். காவிரிக் கரையில் பிறந்தவளைக் கொண்டுவந்து ஒரு கண்மாய்க் கரையில், சுற்றிலும் பாறை தெரியும் ஒற்றை வீட்டில் வைத்தீர்கள். வெயில் குடிக்கிற தண்ணீரைக் குறைக்க முடியுமா என்று ஆராய உங்களை அனுப்பியிருந்தார்கள். மெழுகு மாதிரி ஒரு வெள்ளைத் தூள். தகர டின்களைக் கட்டிய தெப்பத்தில் போய் அதைத் தூவுவீர்கள். அது தண்ணீர்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆடையாகப் படரும். காற்றடித்தால் அத்தனையும் ஒரு கரையில் ஒதுங்கிவிடும், மறுபடியும் தெப்பம். உங்கள் சட்டையெல்லாம் மெழுகுவர்த்தி வாசனை.

பக்கத்து ஊர்க் கண்மாயில் தூள் போடவில்லை. இரண்டையும் ஒப்பிட வேண்டும். காலையில் இரண்டையும் அளந்துவிட்டு வந்து வாசலில் நின்றபடியே சொல்வீர்கள்: "நம்மது ரெண்டு அரிசி இறங்கியிருக்கு. அவங்களது மூணு அரிசி." மில்லிமீட்டர் எனக்குப் புரியாது என்று அரிசியில் சொல்வீர்கள். எனக்கு மில்லிமீட்டரும் புரியும். ஆனால் நாள் முழுக்க என் காதில் விழும் மனிதப் பேச்சு அதுதான் என்பதால் திருத்தவில்லை.

ஊரில் ஒருத்திகூட என்னோடு பேசமாட்டாள். தண்ணீரில் ஏதோ மருந்து கலக்கிறோம் என்று பயந்து, நம் வீட்டுக்கு 'மருந்து வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் துணி துவைக்கப் போனால் படித்துறை காலியாகும். நீங்கள் ஒருநாள் எல்லோரும் பார்க்க அந்தத் தண்ணீரைக் கை நிறைய அள்ளிக் குடித்துக் காட்டினீர்கள். "போட்டவருக்கு என்ன ஆகப்போகுது?" என்று சொல்லிக்கொண்டே கலைந்து போனார்கள். சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தீர்கள். நான் அடுப்படியில் அழுதேன். அந்த வீட்டில் தனிமை எப்படி இருந்தது என்று உங்களிடம் நான் சொன்னதேயில்லை. தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

சித்திரை வந்தது. பக்கத்து ஊர்க் கண்மாய் வற்றி, மீன் பிடித்து, குழம்பு வாடை நம் கரை வரைக்கும் வந்தது. நம் கண்மாயில் இன்னும் இடுப்பளவு தண்ணீர். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இது கடைசியாக வற்றும் நாளையும் பார்த்துவிட்டால் முடிவு கையில், அப்புறம் சென்னையில் பெரிய ஆராய்ச்சி நிலையம் என்றீர்கள். தண்ணீர் நின்றால் ஊர் கொண்டாடும் என்று நாம் இருவருமே நம்பினோம்.

ஊர்த் தலைவர் அம்பலகாரர் ஆட்களோடு வாசலுக்கு வந்தார். பின்னால் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடைகளோடு பாதி ஊர்.

"சார், ஒங்க மருந்து இம்புட்டு வேலை செய்யும்னு நாங்க நெனைக்கல. கட்டிக்குடுத்த புள்ளைகளுக்கெல்லாம் மீனுக்கு வரச் சொல்லிவிட்டாச்சு. பேரன் பேத்தியோட வந்து ஒக்காந்திருக்காக. தண்ணி எறங்க மாட்டேங்குதே. அங்கிட்டு ஊருக்காரன் கேலி பேசுறான். மடையைத் தொறந்துக்கிரட்டுமா?"

மடைச் சாவி உங்களிடம் இருந்தது. முடியாது என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். உங்களை யாரும் மீறியிருக்க மாட்டார்கள். கூட்டத்தில் நின்ற பெண்களைப் பார்த்தீர்கள். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தீர்கள். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தீர்கள்.

தண்ணீர் முழங்காலுக்கு வடிந்தபின், அம்பலகாரர் துண்டை வீசிச் சைகை காட்டியதும் ஊரே தண்ணீருக்குள் இறங்கியது. நீங்களும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினீர்கள், ஒரு கெண்டைகூட அகப்படவில்லை, அது வேறு கதை. நான் வாசலிலேயே நின்றேன். முழங்கால் வரை சேறோடு ஒருத்தி கரையேறி வந்தாள்.

"அம்மா, சட்டி இருக்கா? இங்கிட்டுக் கொண்டாங்க. ஒங்க வீட்டுக்காரரு புடிச்சு நீங்க கொழம்பு வைக்கவா?"

அவள்தான் வள்ளிக்கண்ணு. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பேச்சு அது. மீனை ஆய்ந்து கொடுத்து, அம்மியில் எனக்காக மசாலா அரைத்து, என் பிறந்த ஊர் முதல் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் போனாள்.

அன்று சாப்பிடும்போது உங்கள் ஒரு வருஷ உழைப்பு போய்விட்டதே என்றேன். முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னீர்கள்: "அளவை அடுத்த வருஷம் எடுத்துக்கலாம். வந்ததுலேருந்து நீ என்னோடயும் காக்காயோடயும்தானே பேசிக்கிட்டு இருக்கே."

அடுத்த வருஷம் வரவில்லை. முடிவு முழுமையாக இல்லை என்று திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். தகவல் வந்த அன்று மட்டும் நீங்கள் சாப்பிடவில்லை. பிறகு ஓய்வு பெறும்வரை இந்த ஊரிலேயே இருந்துகொண்டு மடைப் பழுது, கரைப் பழுது என்று இந்தச் சுற்று வட்டாரத்திலேயே அலைந்தீர்கள். சென்னை என்ற சொல்லை அப்புறம் நீங்கள் எடுத்ததில்லை.

ஊர் என்னைக் கைவிடவில்லை. நாளுக்கு நாலு பேர் வருகிறார்கள், பேசுகிறார்கள். ஆனாலும் சொல்கிறேன், அந்த ஒற்றை வீட்டில் யாரும் பேசாத நாட்களில்கூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

நீங்கள் போனதிலிருந்து காலையில் கரைக்குப் போகிறேன். தண்ணீரை அளக்க நீங்கள் நட்ட கல் இன்னும் கண்மாய்க்குள் நிற்கிறது. அதில் ஈரம் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்றபடி வீட்டுக்குள் சொல்வேன். இன்று மீன் பிடித்தவர்களின் கூச்சல் ஓயட்டும் என்று காத்திருந்ததில் மத்தியானம் ஆகிவிட்டது. "சேறுதான் இருக்கு, கேட்டீங்களா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வள்ளிக்கண்ணுவின் மருமகள் சட்டியோடு வந்து நின்றாள்.

"யாருகிட்ட அம்மா பேசுறீங்க?"

"அவர்கிட்டதான்" என்றேன்.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு, சேற்றுக் காலோடு வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா, நானும் கேக்குறேன்" என்றாள்.