எனக்குப் போர்த்திய பொன்னாடை

பொகவந்தலாவை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சனிக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய்க் கணிதப் பயிற்சியை முடித்தேன் அல்லவா, அதற்காக எங்கள் பாடசாலை அதிபர் விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார். அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். இத்தனை வருஷமாக என் பெயரையே சரியாகச் சொல்லாத மனிதர் அவர். வீட்டுக்குப் பக்கமாக வலப்பனைக்கு இடமாற்றம் கேட்கப்போகிறேன் என்று நான் சொன்ன மறுவாரமே இந்த விழா. போன வருஷம் பொன்னாடை வாங்கிய விஞ்ஞான டீச்சரும் இடமாற்றம் கேட்க இருந்தவர்தான். இன்னும் இங்கேதான் இருக்கிறார்.

“நம்ம டீச்சர் நம்மள விட்டு எங்கயும் போக மாட்டாங்க” என்று அதிபர் மைக்கில் சொன்னார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் வந்திருந்த தாய்மார் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “போயிராதீங்க டீச்சர்” என்றார். அவரிடமும் அதிபர் சொல்லிவைத்திருப்பாரோ என்று முகத்தையே பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

பொன்னாடை இந்தக் குளிருக்கு உதவாது. தம்பி வரும்போது கம்பளி கொடுத்துவிடுங்கள்.

மணி அடித்துவிட்டது. கொஞ்ச நாளைக்குத்தானே, சின்னக் கம்பளி போதும் என்று முன்பு சொல்லியிருந்தேன். பெரியதையே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகள்,
சுதர்ஷினி