பதினைந்தாம் தேதிக்குள் விதைக்காதவள்

ஜூன் 7
வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்து மாதம். அவருடைய கடப்பாரையை இன்றைக்குத்தான் தொட்டேன். நிலத்தில் குத்திப் பார்த்தேன். நாலு விரல்கூட இறங்கவில்லை. ஒரு சாண் இறங்கினால்தான் விதைக்கணும் என்பார்.

ஜூன் 10
விவசாய அலுவலர் வந்தார். பதினைந்தாம் தேதிக்குள் விதைத்தவர்களுக்குத்தான் வறட்சி நிவாரணத் தானியமாம்.
"அதுக்குள்ள மழை வருமா சார்?"
"தேதி மேலேருந்து வந்ததும்மா."
"மழையும் மேலேருந்துதான் வரணும். ரெண்டு பேரையும் பேசி வச்சுக்கிட்டு வரச் சொல்லுங்க."
சிரித்தார். தேதியை மாற்றவில்லை.

ஜூன் 13
கொழுந்தனார் சத்தம் போட்டார். "ஊரே விதைச்சாச்சு அண்ணி. உங்களுக்கு மட்டும் என்ன வீம்பு? எதைச் சாப்பிடுவீங்க?"
போன வருஷமும் இந்தத் தேதிக்குப் பயந்துதானே காய்ந்த மண்ணில் போட்டோம்? பாதியை எறும்பு இழுத்தது, மீதி வெந்தது. மறுபடி விதைக்கப் போனவர் உச்சி வெயிலில் உழவுச் சாலிலேயே விழுந்தார். நான் கொண்டுபோன தண்ணீரைக் குடிக்கவே இல்லை.
விதைக்கென்று இருப்பது ஒரு கலயம் கம்பு. அதையும் மண்ணில் வேகவைக்கவா? வீம்புதான். இருந்துட்டுப் போகட்டும்.

ஜூன் 15
நிவாரணப் படிவத்தில் 'விதைத்த தேதி' என்ற கட்டத்தில், "மண்ணில் ஈரம் இல்லை. விதைக்கவில்லை" என்று எழுதினேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, கட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டது.
"இப்படி எழுதினா பேரை அடிச்சிடுவாங்கம்மா" என்றார் எழுத்தர்.
"அடிச்சுக்கட்டும்."
வீட்டுக்கு வந்த பிறகுதான் அரிசிப் பானையை அளந்து பார்த்தேன்.

ஜூன் 24
பட்டியலில் பேர் இல்லை. இனி ஒருவேளைச் சாப்பாடு. விதைக் கலயத்தின் வாயைத் துணியால் கட்டி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டேன். என் கையையே நம்ப முடியாது.

ஜூலை 2
மத்தியானம் முழுக்க மழை. கடப்பாரை ஒரு சாண் இறங்கியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இறங்கிடுச்சுன்னு சொல்ல ஆள் இல்லையே.

ஜூலை 3
கொழுந்தனார் வெறும் கலயத்தோடு வாசலில் நின்றார். அவர் போட்டதெல்லாம் மண்ணிலேயே கருகிப்போச்சு.
"வீம்புக்காரி வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"
தலையைக் குனிந்தபடி கலயத்தை நீட்டினார். பாதிக் கம்பைக் கொட்டிக் கொடுத்தேன். போனது அவருக்கும் அண்ணன்தானே.
மீதியை விதைத்தேன்.

ஆகஸ்ட் 2
கம்பு முழங்கால் உயரம். அலுவலர் வரப்பில் ரொம்ப நேரம் நின்றார்.
"எப்பம்மா விதைச்சது?"
"ஜூலை மூணு."
பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு எழுதினார்.
"அன்னைக்குத்தான் விதைக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?"
கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.