வாசல் வைக்காத வீடு

அல்சூர், பெங்களூர்
14-3-1992

அன்புள்ள ரத்தினத்துக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் சிந்துவும் நலமாயிருக்க வேண்டும். உன் அண்ணன் போட்ட கார்டு வந்தது. "மாப்ள, உங்களுக்கெல்லாம் மனை குடுக்கறாங்களாமே, பட்டா யார் பேர்ல?" என்று கேட்டிருக்கிறார்.

இது உங்கள் ஊர் ரங்கநாதன் வேலை. காவிரிக் கலவரத்தில் வீடு எரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த ஷில்பா என்கிற இன்ஜினீயர் பெண், எல்லாருக்கும் 'மனெ' என்று கன்னடத்தில் சொன்னாள். கன்னடத்தில் மனெ என்றால் வீடு. போன வருஷம் பிழைக்க வந்த ரங்கநாதனுக்கு அது மனையாகக் காதில் விழுந்தது. கைதட்டிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். அச்சகத்தில் பிழை திருத்தியே வயதாகிவிட்ட எனக்கு, ஒரு எழுத்து மாறினால் இவ்வளவு நிலம் விளையும் என்பது தெரியாமல் போயிற்று. அண்ணனிடம் சொல்: நிலம் யாருக்கும் இல்லை. எரிந்த இடத்திலேயே மூங்கிலில் ஒரு வீடு. அதையும் நாமேதான் கட்ட வேண்டும்.

மூங்கிலைப் பிளந்து, தட்டி முடைந்து, நிறுத்தி, மண் பூசுகிறோம். என் தட்டியைப் பார்த்த பக்கத்து வீட்டு சந்திரம்மா, "ஏன் சாமி, இது செவுரா, சல்லடையா?" என்றாள். கன்னடக்காரி, நம்மைத் திட்டுவதற்கென்றே தமிழ் கற்றவள். உன் பங்குத் தட்டியை அவள்தான் முடைகிறாள். கலவரத்தன்று உங்கள் இருவரையும் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. என் கைவேலையைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறாள்.

நீ எழுதியதற்கு வருகிறேன். "பாடை கட்றதுல வீட்டைக் கட்டி, அதுக்குள்ள என்னைப் படுக்கச் சொல்றீங்களா?" ஒரே வரி, திருத்த ஒன்றுமில்லை. இங்கேயும் பலர் அதைத்தான் சொன்னார்கள். ஷில்பா குறித்துக்கொண்டு, மூங்கிலின் வேறு பயன்களை விளக்கினாள். ஏணி, கூடை, தொட்டில்.

ரத்தினம், நம் தயாளனை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்கு எப்படி எடுத்துப்போனோம் என்று நீ கேட்டதில்லை. அவனுக்கு மூங்கில் கிடைக்கவில்லை. கலவர ஊரடங்கில் கடை ஏது? இரும்பு ஸ்ட்ரெச்சரில்தான் போனான். உடனே திருப்பித் தரவேண்டும் என்றார்கள், தந்துவிட்டோம். ஐந்து பேர் சேர்ந்து போனால் குற்றம் என்று தடை இருந்தது. தூக்க நாலு பேர். நான் ஐந்தாவது ஆள். போலீஸ்காரர் நல்ல மனிதர். எண்ணிப் பார்த்துவிட்டு என்னை எதிர்ப் பக்க நடைபாதையில் வரச் சொன்னார். அப்படியே போனேன்.

மூங்கில் நம் பிள்ளையைத் தொடவேயில்லை. அதன் மேல் உனக்குக் கோபம் வேண்டாம்.

கூரை போட்டாயிற்று. வாசல் எந்தப் பக்கம் என்று வீட்டுப் பெண்தான் சொல்ல வேண்டுமாம்; ஆண் சொன்னால் செல்லாது, ஷில்பாவின் சட்டம். மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நம்முடையது மட்டும் நாலு பக்கமும் சுவராக நிற்கிறது. இந்த மாதத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கடிதத்தில் எழுதி அனுப்பினால்கூடப் போதும் என்று ஷில்பா இரக்கப்பட்டாள். போதாது என்று நான் சொல்லிவிட்டேன். சிந்துவைக் கூட்டிக்கொண்டு வா. இங்கே நின்று, கையை நீட்டிக் காட்டு. எந்தப் பக்கமானாலும் அறுத்துவிடுகிறேன்.

குழந்தைக்கு என் ஆசிகள்.

உன்,
கணேசமூர்த்தி