ரெண்டு கொம்பா, கடிச்ச பிஸ்கட்டா?

17 ஜூன் 1981, புதன்

ஆம்பூரில் இன்றைக்கு நல்ல வெயில். செருப்பு ஃபேக்டரி ஆபீஸில் ஹாம்பர்க் பார்ட்டிக்கு நாலு லெட்டர் டைப் அடித்தேன், நாலிலும் ஒரே தப்பு. மேனேஜர், "டோரதி, உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை சார். கைப்பையில் அண்ணன் லெட்டர் இருக்கிறது!

ஜெயகரன் அண்ணன் கப்பலில் இஞ்சின் ரூம் வேலை. சிங்கப்பூரில் ஒரு கடையில் ரெண்டு எலெக்ட்ரிக் கிட்டார் பார்த்தானாம். ரெண்டும் பேர்போன அமெரிக்க கிட்டார்களுக்கு ஜப்பானில் செய்த நகல். ஒன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி, லேசானது. இன்னொன்று லெஸ் பால் மாதிரி, கனமானது. "ஜூலை கடைசியில் கப்பல் திரும்ப சிங்கப்பூர் வரும். எது வேணும்னு எழுது. ஒண்ணுதான். லெட்டர் இந்த மாசத்துக்குள்ள கிளம்பணும்" என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி - "உனக்கு லேசானதே போதும்னு நினைக்கிறேன்."

போதும்னு யார் சொன்னது?

18 ஜூன், வியாழன்

கேட்லாக்கிலிருந்து கிழித்த பக்கத்தையும் அனுப்பியிருக்கிறான். டைப்ரைட்டர் மூடிக்கு அடியில் வைத்து நாள் முழுக்க பார்த்தேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மெலிசாக, ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. லெஸ் பால் தடிமன், ஒரு பக்கம் மட்டும் வளைத்து வெட்டியது. யாரோ ஒரு வாய் கடித்துவிட்டு வைத்த பிஸ்கட்.

இதுவரை நான் வாசித்ததெல்லாம் சர்ச்சில் இருக்கும் பழைய மரக் கிட்டார்தான். கரண்டில் ஓடுகிற கிட்டாரைத் தொட்டதுகூட இல்லை. தொடாத ரெண்டில் ஒன்றை எப்படிச் சொல்வது? தப்பாகச் சொல்லிவிட்டால் அண்ணன் இன்னொரு தடவை வாங்கித் தரப்போவதில்லை.

அம்மா படத்தைப் பார்த்தாள். "கொம்பு வெச்சதா? அதை சர்ச்சுக்குள்ள எடுத்தாராதே."

"சர்ச்சுக்கு இல்லம்மா. பாஷா பாய் பாட்டுக் குழுவுக்கு."

கண்ணாடியைக் கழற்றினாள். அம்மா ஸ்கூல் டீச்சர். கண்ணாடியைக் கழற்றினால் கிளாஸ் அமைதியாகிவிடும். நானும் படத்தை மடித்துவிட்டேன். "ஒரு ப்ரோக்ராம் பண்ணு, ஆசை தீரட்டும். கல்யாண மண்டபத்து மேடையில நின்னு வாசிக்கிற பொண்ணுன்னு பேர் வந்துட்டா அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

எந்த மாப்பிள்ளை வீடு? இருபத்தேழு வயசாகிறது எனக்கு. இன்னும் ஒரு வீடும் வந்தபாடில்லை.

20 ஜூன், சனி

கவுஸ் பாஷா பாய் எங்கள் ஃபேக்டரி கட்டிங் செக்ஷன். தோல் வெட்டுகிற கையாலேயே சாயங்காலம் டிரம்ஸ் அடிப்பார். குழுவில் கிட்டார் வாசித்தவர் மஸ்கட் போய்விட்டார். மூன்று மாதமாக அந்த இடம் காலி. சர்ச்சில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "நீங்க வாங்க சிஸ்டர்" என்று கூப்பிட்டது அவர்தான்.

இன்றைக்கு குழுவில் படத்தைக் காட்டினேன். ஆர்மோனியம் மூர்த்தி, "லேசானதே வாங்குங்க. லேடீஸுக்கு அதான் கரெக்ட்" என்றார். மைக்செட்காரரும் அதையே சொன்னார். நேற்று ஸ்டோர்ஸ் கன்னியப்பனும் அதையேதான் சொன்னார். அவர் வாழ்க்கையில் கிட்டாரையே பார்த்ததில்லை!

பாஷா பாய் மட்டும்தான், "கனமானதே வாங்குங்க சிஸ்டர். டிரம்ஸுக்கு பக்கத்துல நின்னா சத்தமும் கனமா இருக்கணும். மெலிசா இருந்தா எனக்கு பேஜார்" என்றார்.

முடிவு பண்ணிட்டேன். கடிச்ச பிஸ்கட்தான்.

22 ஜூன், திங்கள்

பாஷா பாய் கழிவு அட்டையில் ரெண்டையும் நிஜ அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். செருப்புக்கு உள்ளே வைக்கிற தடித்த அட்டை. கொம்பு வளைவெல்லாம் என்ன சுத்தம்! சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக வயிற்றோடு அணைத்துப் பார்த்தேன். கொம்பு வைத்தது ஒட்டி உட்கார்ந்தது. பிஸ்கட்டின் ஓரம் விலாவில் குத்தியது. அட்டைதானே, மரத்துக்கு அப்படி இருக்காது என்று சொல்லிக்கொண்டேன்.

ஸ்டிச்சிங் பெண்கள் எல்லோரும் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். சம்பூர்ணம் அக்கா அட்டையிலேயே வாசித்துப் பாடி ஒரு ஆட்டம் போட்டாள்.

23 ஜூன், செவ்வாய்

கனமானது நாலரை கிலோ, மற்றது மூன்றரை என்று அண்ணன் எழுதியிருந்தான். கன்னியப்பனிடம் நாலரை கிலோ தோல் நிறுத்து வாங்கி, சுருட்டி, வாரில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டோர்ஸில் நின்றேன். முக்கால் மணி நேரம். வலிக்கவில்லை! தினமும் காலையில் தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தலையிலும் ஒரு குடம் இடுப்பிலும் தூக்குகிறவளுக்கு நாலரை கிலோ ஒரு கனமா? லேடீஸுக்கு லேசானதாம்.

மேனேஜர் உள்ளே வந்தார். தோளில் தோல் மூட்டையோடு நிற்கிற டைப்பிஸ்ட்டைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

25 ஜூன், வியாழன்

வேலை முடிந்து பாஷா பாய் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் ஜஹீருன்னிசா டீயோடு கடலை மிட்டாய் கொடுத்தாள். கேசட் போட்டார்கள். பெயரில்லாத கேசட், துபாயிலிருந்து யாரோ பதிவு பண்ணி அனுப்பியது. நடுவில் ஒரு இடத்தில் கிட்டார் தனியாக வருகிறது. எப்படிச் சொல்வது... மணி அடித்து அது அடங்குவதற்குள் யாரோ சிரிப்பது போல. நாலு தடவை ரீவைண்ட் பண்ணச் சொன்னேன்.

"இதான் சிஸ்டர் லெஸ் பால்!" என்றார் பாய்.

இதுதான் வேணும். ஞாயிற்றுக்கிழமை வேலூர் போய் வந்து அண்ணனுக்கு எழுதிவிட வேண்டியதுதான்.

28 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வேலூர் பஸ். பெரியம்மா மகள் பொன்மலர் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டருக்குப் படிக்கிற ஆபேல் என்ற பையனிடம் நிஜ எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது, தொட்டாவது பார்த்துவிட்டு எழுது என்று அவள்தான் வரச் சொன்னாள்.

ஆபேலிடம் இருந்தது கொம்பு வைத்தது. எனக்கு சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் மரியாதைக்கு வாங்கினேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல். "டியூப் லைட் எரிஞ்சா இது இப்படித்தான் கத்தும் அக்கா. லெஸ் பாலுக்கு இந்தத் தொந்தரவு இல்ல. கம்பியோட சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் ஒண்ணுக்கு அதுல ரெண்டு காயில், ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடிச்சிடும்" என்றான். பார்த்தாயா, பிஸ்கட்தான் சரி என்று எனக்குள் ஒரே சந்தோஷம்.

"நான் அந்த சத்தத்தைக் கேட்டிருக்கேன் தம்பி" என்று பெருமையாகச் சொல்லி, கேசட்டில் வந்ததை வாயால் பாடிக் காட்டினேன். அவன் சிரித்தான். கிட்டாரை வாங்கி ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு வாசித்தான்.

அதே மணி. அதே சிரிப்பு.

"அந்த கேசட் எங்க ஹாஸ்டல் முழுக்க சுத்துது. அது லெஸ் பால் இல்லக்கா. இதுதான்."

திரும்ப என்னிடம் கொடுத்தான். முதல் கம்பியைத் தட்டினேன். என்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பொன்மலர், "இன்னாடி ஆச்சு?" என்று ஓடி வந்தாள்.

லெஸ் பால் சத்தம் எப்படியிருக்கும் என்று கேட்டேன். மெட்ராஸில் ஒரு தடவை வாசித்திருக்கிறானாம். "அது வேற மாதிரி அழகு. தொண்டை கனத்த ஆள் மெதுவாப் பாடுற மாதிரி" என்றான்.

பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும் வரை ஒரே குழப்பம். லேசானதைக் கேட்டால் மூர்த்தி, மைக்செட்காரர், கன்னியப்பன், அண்ணன் எல்லோரும் 'நான் அப்பவே சொன்னேன்' என்பார்கள். அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது! அப்புறம் மாதனூர் வரும்போது தோன்றியது - அவர்கள் 'வாங்கு' என்றதற்காக வாங்காமல் இருந்தால், அப்போதும் அவர்கள் சொல்லை வைத்துத்தானே நான் முடிவு பண்ணுகிறேன்? எனக்கு எது பிடிச்சிருக்கு? அது மட்டும்தானே கேள்வி?

29 ஜூன், திங்கள்

பாஷா பாயிடம் சொன்னேன். மிஷினை நிறுத்தினார். "கேசட்ல இருக்கறது அதுவா?"

"அதுதான் பாய்."

"அப்ப இத்தனை வருஷமா நான் எல்லார்கிட்டயும் தப்பா சொல்லிட்டிருக்கேனா?" முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பக்கபலமாக நின்ற ஒரே ஆள். ஒரு தோலை வெட்டினார், இன்னொன்றை வெட்டினார். அப்புறம், "நல்லா இருக்குன்னு நான் சொன்னது சத்தத்தைத்தானே சிஸ்டர்? அது தப்பில்லையே?" என்றார்.

"அது தப்பே இல்ல பாய்."

"அப்ப எழுதுங்க."

30 ஜூன், செவ்வாய்

போஸ்ட் பண்ணிவிட்டேன். கொம்பு வைத்தது.

19 ஜூலை, ஞாயிறு

ஐயோ, இரைச்சலை மறந்தே போனேனே. மண்டபத்தில் எத்தனை டியூப் லைட்! எத்தனை சீரியல் செட்! தப்பு பண்ணிட்டேனா?

23 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று அண்ணனிடமிருந்து கார்டு. மூன்றே வார்த்தை: "வாங்கிட்டேன். நீலக் கலர்."

நீலம்!

19 செப்டம்பர், சனி

அண்ணன் வந்துவிட்டான். மெட்ராஸ் துறைமுகத்தில் ஆபீசர் பெட்டியைத் திறந்து, ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்து, "யாருக்கு?" என்றாராம். "தங்கச்சிக்கு." "வாசிக்குமா?" "அதை நான் ஊருக்குப் போய்த்தான் சார் பார்க்கணும்."

நீலம் என்றால் வானம் மாதிரி நீலம் இல்லை, எங்கள் ஸ்கூல் தாவணி மாதிரி நீலம். மடியில் வைத்தேன். பின்பக்கம் குடைந்து எடுத்திருக்கிறார்கள், விலாவில் குத்தவே இல்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லாமலேயே ரெண்டு மணி நேரம் வாசித்தேன். ஈர்க்குச்சியைச் சுண்டுகிற சத்தம்தான் வந்தது. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

அம்மா பெட்டியை மட்டும் துடைத்து வைத்தாள்.

27 செப்டம்பர், ஞாயிறு

ஒத்திகை, பாஷா பாய் மச்சான் கோடவுனில். குழுவின் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் 'ங்ங்ங்ங்'.

"இன்னா சிஸ்டர், தேனீ வளக்கறீங்களா?" என்றார் பாய்.

அவமானமாகப் போய்விட்டது. மூர்த்தி டியூப் லைட்டை அணைத்தார், கொஞ்சம் கம்மியானது. "மண்டபத்துல இருட்டுலயா வாசிக்க முடியும்?" என்றார். ஆர்மோனியமே போதும் என்று அவர் சொல்லாததுதான் பாக்கி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர்கள் பார்க்கக்கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

இரைச்சல் நின்றது.

இந்தப் பக்கம் திரும்பினேன், வந்தது. அந்தப் பக்கம், போச்சு! பாஷா பாய் என் ரெண்டு தோளுக்கும் நேராக கையை வைத்துக்கொண்டு, தொடாமல், "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நில்லுங்க!" என்றார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோட்டில் நின்றே நாலு மணி வரை வாசித்தேன். இரைச்சல் அடங்கினதும் மணி மாதிரி கேட்டது. பாய் டிரம்ஸ் அடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். மெலிசா இருந்தா பேஜார் என்றவர்!

8 நவம்பர், ஞாயிறு

நேற்று சாயங்காலம் குடியாத்தத்தில் ரிசப்ஷன். முதல் மேடை. பாட்டு தொடங்கும் முன்பு எந்தத் திசையில் இரைச்சல் இல்லை என்று சுற்றிச் சுற்றித் தேடினேன். கூட்டம், நான் நாற்காலி தேடுகிறேன் என்று நினைத்து ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டது. கடைசியில் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியதும் சத்தம் சுத்தமானது. அங்கேயே நின்றேன்.

மூன்றாவது வரிசையில் அம்மா.

வரவே மாட்டேன் என்றவள். சனிக்கிழமை கிளாஸ் முடிந்து நேரே பஸ் ஏறி வந்திருக்கிறாள், கையில் குடையும் டிபன் பாக்ஸும். ரெண்டு மணி நேரம் நான் வேறு எங்கேயும் திரும்ப முடியாது, அவளும் எழுந்து போக முடியாது. முதல் பாட்டில் என்னைப் பார்க்காமல் மேடைத் துணியைப் பார்த்தாள். ரெண்டாவதில் என் கையைப் பார்த்தாள். தனியாக கிட்டார் வருகிற இடத்தில் பக்கத்து அம்மா ஏதோ கேட்டாள். அம்மா விரலை வாயில் வைத்து, கிளாஸில் பேசுகிற பிள்ளையை அடக்குவது போல "உஷ்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏண்டி எப்பவும் ஒரு பக்கமாவே நின்னுட்டிருந்தே?" என்றாள். சொன்னேன். "அந்தப் பக்கத்து ஜனமும் பாக்கணும் இல்ல?" என்றாள்.

9 நவம்பர், திங்கள்

'நான் அப்பவே சொன்னேன்': மூர்த்தி, மைக்செட்காரர், கன்னியப்பன். மூன்று பேருக்கும் சிரித்து வைத்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

12 டிசம்பர், சனி

ஒரு மாதமாக எழுதவில்லை. நேரமே இல்லை. போன ஞாயிறு ஆற்காடு, அதற்கு முந்தின வாரம் வாணியம்பாடி.

புது வருஷத்துக்கு வேலூரில் பெரிய ப்ரோக்ராம். நோட்டீஸ் அச்சடிக்குமுன் பிரஸ்ஸில் சரிபார்க்கக் கொடுத்த காகிதத்தை பாஷா பாய் வீட்டில் வந்து தந்துவிட்டுப் போனார். டிரம்ஸ் கவுஸ் பாஷா, ஆர்மோனியம் மூர்த்தி, அதற்குக் கீழே என் பெயர். குளித்துவிட்டு வந்து ஆசை தீரப் பார்க்கலாம் என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனேன்.

வந்து பார்த்தால் அம்மா சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருக்கிறாள். 'கிடார்' என்று இருந்ததை 'கிட்டார்' ஆக்கியிருந்தாள். 'டோரதி'க்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் இல்லையென்று அதையும் சேர்த்திருந்தாள்.

"இதை முதல்ல பிரஸ்ஸுல குடுத்துட்டு வா" என்றாள். "அடிச்சதும் எனக்குப் பத்து எடுத்து வை. ஸ்டாஃப் ரூமுக்கு."